கரும்பலகையில் மூன்று கொக்குகள்

சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று ருஸ்னா தொலைபேசியில் கேட்டாள். ருஸ்னா இப்போது எங்கள் வரைகலைஞர் சங்கத்தின் செயலாளர். நான் அந்தப் பதவியில் இருந்த காலத்தில் அவள் பள்ளிக்கூடச் சீருடையோடு திரிந்திருப்பாள்.

"பேச்சுப் போட்டிக்கு எழுதுற மாதிரி வேணாம் அன்ரி. சங்கம் எப்பிடித் தொடங்கின, என்ன நடந்த எண்டு நீங்க கதைக்கிற மாதிரியே எழுதுங்க" என்றாள்.

"இப்ப ஏன் திடீரெண்டு?"

"கொஞ்சப் பேர் கேக்காங்க. படத்தை மெஷினே கீறித் தருது, இனிச் சங்கம் எதுக்கு எண்டு."

அந்தக் கேள்வியை இதற்கு முன்பும் கேட்டிருக்கிறார்கள். ஓப்செற் அச்சு வந்தபோது கேட்டார்கள், கணினி வந்தபோது கேட்டார்கள், கைபேசியிலேயே கலியாண அழைப்புக் காட் செய்யலாம் என்று ஆனபோதும் கேட்டார்கள். அதற்குப் பதிலாக நடந்ததைச் சொல்லலாம்.

நான் தொழில் பழகிய கதை சுருக்கமானது. மட்டக்களப்பில், புளியந்தீவில் ஈய எழுத்துக் கோக்கும் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவளாகச் சேர்ந்தேன். சில வருடங்களில் ஈய எழுத்துப் போய்விட்டது. ஒரு நாள் முதலாளி கொழும்பிலிருந்து கணினி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "இதை நீ பழகு புள்ள" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். யாரிடம் பழகுவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தட்டித் தட்டிப் பழகினேன். இடையில் நாட்டில் நடந்தவற்றை எழுத இது இடமில்லை. திறக்க முடிந்த நாட்களில் அச்சகத்தைத் திறந்தோம். பிறகு சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டேன். கடைசி வரைக்கும் என் பக்கத்தில் ஒரு கதிரை இருந்தது. வாடிக்கையாளர் அதில் இருந்துகொண்டு, "அந்த ரோசாப்பூவை இன்னும் கொஞ்சம் பெரிசாக்குங்க, மாப்பிள்ளைட பேரைச் சின்னதாக்கினாலும் பரவாயில்ல" என்பார். கண் வைத்தியரின் பேச்சைக் கேட்டு நான் ஓய்வு பெற்றபோது முதலில் விற்றது அந்தக் கதிரையைத்தான்.

சங்கம் தொடங்கியது ஒரு கலியாணத்தால். சரியாகச் சொன்னால் இரண்டு கலியாணங்களால்.

நகரத்தில் ஒரு மண்டபம். கீழ்த்தட்டில் ஒரு கலியாணம், மேல்தட்டில் இன்னொன்று. இரண்டும் ஒரே நாள், ஒரே முகூர்த்தம். இரண்டு வீட்டாருக்கும் காட் செய்தவர்கள் வேறு வேறு கடைக்காரர்கள். ஆனால் இருவரும் இந்தியாவிலிருந்து வந்த ஒரே படக் குறுந்தட்டில் இருந்து ஒரே மயிலை எடுத்து, ஒரே தங்க நிறத்தில், ஒரே இடத்தில் வைத்திருந்தார்கள். வாசலில் கட்டிய பதாகைகளும் அச்சொட்டாக ஒன்றுபோல. வந்தவர்கள் கையிலிருந்த மயிலைப் பார்த்தார்கள், வாசலில் நின்ற மயிலைப் பார்த்தார்கள், உள்ளே போய்விட்டார்கள். மேல்தட்டு மாப்பிள்ளையின் அலுவலகத்தார் முழுப்பேரும் கீழ்த்தட்டில் இருந்து வயிறாரச் சாப்பிட்டு, மணமக்களோடு படம் எடுக்க மேடையில் ஏறிய பிறகுதான், இது நம்மட ஆள் இல்லையே என்று கண்டார்கள். கீழே சோறு முடிந்துபோனது. மேலே சோறு மலைபோல மிஞ்சியது. கடைசியில் இரண்டு பெண்களின் தகப்பன்மாரும் சேர்ந்து மேலிருந்த சோற்றைக் கீழே இறக்கினார்கள்.

அடுத்த நாள் அந்த இரண்டு தகப்பன்மாரும் ஒன்றாகவே புறப்பட்டு, ஊரில் உள்ள எல்லாக் கடைகளுக்கும் வந்து ஏசினார்கள். மயிலுக்குச் சம்பந்தமே இல்லாத எனக்கும் ஏச்சு விழுந்தது.

அந்தக் கிழமையே காத்தான்குடியிலிருந்து உதுமாலெப்பை காக்கா சைக்கிளில் புறப்பட்டு ஒவ்வொரு கடையாக வந்தார். அவர் ஆரம்பத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். பிறகு கணினி வாங்கி, அதிலும் கெட்டிக்காரரானவர். முஸ்லிம், தமிழர் என்று இல்லாமல் தொழிலில் உள்ள எல்லோருக்கும் அவர் லெப்பைக் காக்கா, லெப்பை அண்ணன். என் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்.

"தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம். ஏச்சு வாங்கின எல்லாரும் வரணும்."

"எதுக்குக் காக்கா?"

"மறுகாவும் ஏச்சு வாங்காம இருக்கிறதுக்கு."

தனியார் வகுப்பு நடக்கும் ஒரு ரியூட்டரியின் மேல்மாடி அறையில் கூடினோம். பிள்ளைகளின் சின்ன வாங்குகளில் முழங்காலை மடக்கி இருந்தோம். கரும்பலகையில் யாரோ இரசாயனம் படிப்பித்த அடையாளங்கள் இருந்தன. காக்காவைத் தலைவராகவும் என்னைச் செயலாளராகவும் தெரிவு செய்தார்கள். என்னைத் தெரிவு செய்த காரணம், என் கையெழுத்து வாசிக்கக்கூடியதாக இருந்ததுதான்.

லெப்பைக் காக்கா தலைவராக இருந்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேநீர்க் கடையில் அவரைப்போல் பகிடிக்காரர் கிடையாது. கூட்டம் தொடங்கினால் வேறு ஆள். குறித்த நேரத்துக்கு மேசையில் தட்டுவார், அறையில் நான் மட்டும் இருந்தாலும். "தலைவர் அவர்களே" என்று சொல்லித்தான் பேச வேண்டும். ஒருமுறை நான் மறந்துபோய் "காக்கா" என்று தொடங்கியதற்கு, "காக்கா வெளிய தேத்தண்ணி குடிக்காரு. தலைவர்தான் இரிக்காரு, சொல்லுங்க" என்றார்.

ஒருவரின் வேலையைப் பார்ப்பதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். பிறகு அறையின் மறு கோடியில் நிறுத்தச் சொல்லிப் பார்ப்பார். பிறகு பெருவிரலால் ஒவ்வொரு பகுதியாக மறைத்து, எதை மறைத்தால் நட்டமில்லை என்று கண்டுபிடிப்பார். கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. "எல்லாம் இரிக்கு. கொஞ்சம் கூடுதலா இரிக்கு" என்பார். அதைக் கேட்டவர் வீட்டுக்குப் போய்ப் பாதியை அழித்துவிட்டு வருவார்.

மயிலுக்குப் பிறகு எங்களுக்கு வந்த தொல்லை மீன். மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்று உலகத்துக்கே தெரியும். அதனால் வங்கிக்கிளை விழாவா, மீன். பற்சிகிச்சை நிலையமா, மீன். கிரானில் ஒரு நெல் ஆலைக்காரர், வயல் வட்டைக்குள்ளே தண்ணீர் நிற்கும் காலத்தில் கெளிறு வரும்தானே என்று சொல்லி, அரிசிப் பைக்கும் மீன் கேட்டார். ஒரு ஆண்டுக் கூட்டத்தில் காக்கா எழும்பி, "ஒரு வருசத்துக்கு ஆரும் மீன் கீறப்படா" என்று பிரேரணை கொண்டுவந்தார். சிரித்துச் சிரித்தே நிறைவேற்றினோம். அந்த வருடத்தை எல்லோரும் மீன் விரதம் என்றோம். வாடிக்கையாளர்களிடம், "சங்கம் தடை போட்டிருக்கு" என்று சொல்ல எல்லோருக்கும் நல்ல வசதியாக இருந்தது.

அந்த விரத வருடத்தில்தான் சங்கம் உடையப் பார்த்தது.

தெற்கே பெரியகல்லாற்றில் சில பெண்கள் சேர்ந்து கருவாடும் காய்ந்த இறாலும் பொதி செய்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். தலைவி தங்கமலர் அக்கா. கொழும்புக் கடைகளுக்கு அனுப்புவதற்குப் பொதியில் ஓர் இலச்சினை வேண்டும் என்று சங்கத்துக்கு வந்தார். உறுப்பினர்கள் விரும்பினால் கீறிக் கொடுக்கலாம், பெண்கள் அதில் ஒன்றைத் தெரிவு செய்வார்கள் என்று ஏற்பாடு. வந்தவற்றை உறையில் இட்டு நான் பெரியகல்லாற்றுக்குக் கொண்டுபோனேன். தங்கமலர் அக்காவின் முற்றத்தில் பாய் விரித்துப் பரப்பினோம். பெண்கள் குனிந்து பார்த்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்கள்.

"இதென்ன புள்ள, ஒண்டையே ரெண்டு தரம் கொண்டு வந்திருக்காய்?" என்றார் தங்கமலர் அக்கா.

பார்த்தேன். இரண்டு தாள்கள். இரண்டிலும் ஒரு கொக்கு. ஒற்றைக் காலில், கழுத்தை வளைத்து நிற்கிறது. அதன் முதுகுக் கோடே கீழே இறங்கித் தோணியின் முன்முனையான அணியமாகிறது. கண்ணுக்கு ஒரு சின்ன வட்டம். ஒன்று நீலம், மற்றது கறுப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

நீலக் கொக்கு தர்ஷனுடையது. பெரியகல்லாற்றுப் பையன், கட்டாரில் விளம்பரப் பலகைக் கம்பனியில் வேலை செய்துவிட்டு ஊரோடு இருக்க வந்தவன். கறுப்புக் கொக்கு நஸ்ரினுடையது. வடக்கே ஏறாவூரில் அப்போதுதான் தன் பெயரில் கடை போட்டிருந்தாள். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசியதுகூட இல்லை.

செய்தி என்னைவிட வேகமாக ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. தர்ஷன் சங்கத்தின் கைபேசிக் குழுவில், "என்ட படத்தைக் களவெடுத்துப்போட்டுக் கறுப்பு அடிச்சா தெரியாதா" என்று எழுதினான். நஸ்ரின் அங்கே ஒன்றும் எழுதவில்லை. நேரே என் கடைக்கு வந்தாள்.

"அக்கா, கடை திறந்து இன்னும் ஒரு நோன்பு வரல்ல. கள்ளி எண்டு பேர் வந்தா ஆர் வருவா என்ட கடைக்கு?" என்றாள். அழவில்லை. கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு நடந்தது அசிங்கம். தெற்கே உள்ளவர்கள் தர்ஷன் பக்கம், வடக்கே உள்ளவர்கள் நஸ்ரின் பக்கம் என்று பிரிந்தார்கள். எந்தப் பக்கம் எந்தச் சமூகம் என்பதை யாரும் வாயால் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அச்சகக்காரர் யோகராசா, வேறு சங்கம் அமைக்கலாம் என்று ஆள் சேர்க்கத் தொடங்கினார். தங்கமலர் அக்கா, தாங்கள் கொழும்பில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். மயிலுக்கு ஏச்சு வாங்கியபோதும் ஒன்றாக நின்றவர்கள் நாங்கள்.

காக்கா மட்டும் அசையவில்லை. "உடைக்கிறெண்டா உடைங்க. முறைப்பாட்டை விசாரிச்ச பிறகு உடைங்க" என்றார்.

விசாரணைக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். இரண்டு பக்கமும் கரும்பலகைக்கு வர வேண்டும். கணினி இல்லை, தாள் இல்லை, சோக்குக்கட்டி மட்டும். எல்லோருக்கும் முன்னால் தன் படத்தை முதலிலிருந்து கீற வேண்டும். ஒருவர் கீறும்போது மற்றவர் வெளியே நிற்க வேண்டும். முதலில் செய்தது யார் என்று கேட்கக்கூடாது. 'இதுக்கு எப்பிடி வந்தீங்க' என்றுதான் கேட்க வேண்டும். தீர்ப்பு அன்றைக்கே. தீர்ப்புக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து தேத்தண்ணி. கோபத்தோடு என்றாலும் குடிக்க வேண்டும்.

அன்று அறை நிறைந்துவிட்டது. வாங்கில் இடமில்லாமல் சுவரோரமாக நின்றார்கள். தங்கமலர் அக்காவும் இரண்டு பெண்களும் கடைசி வரிசையில் இருந்தார்கள்.

தர்ஷன் முதலில் வந்தான். அலகின் நுனியில் சோக்கை வைத்தான். அலகு, தலை, கழுத்து என்று வளைத்துக் கொண்டுபோய், முதுகை அணியத்தில் இறக்கி, கடைசியாகக் காலை இழுத்தான்.

"இதுக்கு எப்பிடி வந்தீங்க?" என்று காக்கா கேட்டார்.

"மீன் கீறப்படா எண்டு சொல்லிட்டீங்க, தலைவர் அவர்களே. வேற என்ன இரிக்கு எண்டு யோசிச்சன். எங்கட மாமாட தோணியில இப்பிடி ஒரு கொக்குக் கீறி இருந்த. நான் சின்னனில கரையில பாத்துக்கொண்டு நிப்பன். தோணி வரக்குள்ள முதல் தெரியிற அந்த அலகுதான்."

நான் தற்செயலாகக் காக்காவின் பக்கம் திரும்பினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

தர்ஷனை வெளியே அனுப்பி, பலகையை அழித்துவிட்டு, நஸ்ரினைக் கூப்பிட்டேன். அவள் சோக்கைக் கீழே வைத்தாள். பாதத்தில் தொடங்கிக் கால் வழியாக மேலே ஏறினாள். வயிறு, கழுத்து, தலை, எல்லாவற்றுக்கும் பிறகு அலகு. முடிந்தபோது பலகையில் நின்றது அதே கொக்கு. அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"எப்பிடி வந்தீங்க?" என்றார் காக்கா. குரல் தணிந்திருந்தது.

"வாப்பா மீன் யாவாரம். சைக்கிள்ள கட்டுற மீன் பெட்டியில இது இருந்த. வாப்பா வந்து பெட்டியை நிலத்தில வெச்சா நான் பக்கத்தில குந்தி, விரலால கீழ இருந்து மேல தடவிக்கொண்டு போவன். உம்மா ஏசுவா, கை மணக்கும் எண்டு."

காக்கா எழுந்தார். தலைவரின் கதிரையைப் பின்னால் தள்ளி, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"செயலாளர், நீங்க வந்து இதில இருங்க."

"ஏன் தலைவர் அவர்களே?"

"இந்த விசயத்தில நான் தலைவர் இல்ல. சாட்சி."

அந்தக் கதிரையில் போய் இருந்தேன். தர்ஷனையும் உள்ளே வரச் சொன்னேன். காக்கா கரும்பலகைக்கு முன்னால், குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் நிற்கும் இடத்தில் நின்றார். அந்தக் கொக்கைத் தோணிகளிலும் மீன் பெட்டிகளிலும் எழுதியவர் தான்தான் என்றார். பெயர்ப்பலகை வேலை கிடைக்காத காலத்தில், தூரிகையும் பெயின்ற் தகரப் பேணியுமாக வாவிக்கரை வழியே போய், கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தாராம்.

யோகராசா எழும்பினார். "அப்ப ரெண்டு பேரும் காக்காட படத்தைத்தான் களவெடுத்திருக்காங்க. ரெண்டு பேரையும் நீக்குங்க."

இது நான் எதிர்பார்க்காதது. ஒரு சண்டை மூன்றாகப் பெருகப் போகிறது என்று பயந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல், முறை என்ன சொல்கிறதோ அதையே பிடித்துக்கொண்டேன்.

"சாட்சி, நீங்களும் கீறுங்க. இதுக்கு எப்பிடி வந்தீங்க?"

காக்கா சோக்கை எடுத்தார். தலையில் தொடங்கி, கழுத்தையும் முதுகையும் ஒரே இழுவையில் கீழே கொண்டுபோய் அணியத்தில் முடித்தார். பிறகுதான் அலகு, பிறகு கால்.

"தோணிப் பலகை ஈரமா இரிக்கும். பெயின்ற் கீழ வடியும். வடியிற பக்கமே தூரிகையும் போனாத்தான் கோடு நிக்கும். ஒரு நாள் கரையில கட்டிக்கிடந்த தோணியில கொக்கு ஒண்டு வந்து நிண்ட. தோணி எது, கொக்கு எது எண்டு தெரியல்ல. அதைக் கீறின."

"இது உங்கட எண்டு கேக்குறீங்களா?"

அவர் கையிலிருந்த சோக்குத் தூளைத் தட்டினார். "கேட்டவனுக்கெல்லாம் குடுத்துப்போட்டு, இப்ப வந்து என்ட எண்டு சொல்ல வெக்கமா இரிக்கு. ஆனா ரெண்டு பேரும் கழுத்தை மெலிய வெச்சிட்டாங்க. அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்க."

கடைசி வரிசையில்தான் முதலில் சிரிப்புக் கிளம்பியது. தங்கமலர் அக்கா. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், யோகராசாவைத் தவிர. அவரும் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

நான் தீர்ப்புச் சொன்னேன். களவு நடக்கவில்லை. ஒருவர் அலகிலிருந்தும், ஒருவர் காலிலிருந்தும் தம் சொந்த ஞாபகத்தில் இருந்துதான் கீறியிருக்கிறார்கள். அதனால் இருவரும் குற்றமற்றவர்கள். அதே காரணத்தால், இது என் தனிச்சொத்து என்று இருவராலும் உரிமை கேட்க முடியாது. சொல்லி முடித்ததும் தங்கமலர் அக்கா கையை உயர்த்தினார். அவர் உறுப்பினர் இல்லை, இருந்தாலும் பேசவிட்டேன்.

"ரெண்டையும் கண்டவுடனே எங்களுக்குப் புடிச்சது ஏன் எண்டு இப்பதான் விளங்குது. என்ட அப்பாட தோணியிலயும் அது இருந்த. எங்களுக்கு அந்தக் கொக்கே போதும். ரெண்டு பேரும் சேந்து ஒண்டாக் கீறித் தாங்க. கழுத்தைக் கொஞ்சம் தடிப்பா."

தேத்தண்ணி வந்தது. தர்ஷன் கோப்பையோடு நஸ்ரினின் வாங்குக்குப் போனான்.

"குறூப்பில எழுதினதை அழிச்சிட்டன். பிழை எண்டும் எழுதிட்டன், பாருங்க."

"நானும் உங்களைப் பத்தி ரெண்டு வீட்டில கதைச்சிட்டன்" என்றாள் நஸ்ரின். "அதை எங்க போய் அழிக்கிற?"

"அந்த ரெண்டு வீட்டுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போங்க. வந்து முகத்தைக் காட்டுறன்."

உண்மையாகவே போனார்கள், நஸ்ரினின் கணவரையும் கூட்டிக்கொண்டு. இரண்டாவது வீட்டில் புரியாணி கொடுத்தார்களாம்.

நான் கதிரையை விட்டு எழும்பப் போனபோது காக்கா தடுத்தார். "இருங்க தங்கச்சி. மிச்சக் கூட்டத்தையும் நடத்துங்க. நான் பின்னால இருந்து பாக்கன், நல்லா இரிக்கு." அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அவர் போட்டியிடவில்லை. அதன் பிறகு கண் கெடும் வரைக்கும் நான்தான் தலைவர். இப்போது நஸ்ரின். தர்ஷன் உப தலைவர். வேறு சங்கம் அமைக்கப் போன யோகராசா எங்கள் பொருளாளராக இருந்து, அண்மையில்தான் மகளோடு கனடாவுக்குப் போனார்.

ருஸ்னா கேட்டதற்கு இவ்வளவுதான் எனக்குச் சொல்ல இருக்கிறது. மெஷின் நன்றாகவே கீறுகிறது, நானும் பார்த்தேன். நாளைக்கு இரண்டு பேர் ஒரே படத்தோடு வந்து ஒருவரையொருவர் கள்ளன் என்றால், அவர்களை ஓர் அறைக்குள் இருத்தி, முழுவதையும் கேட்டு, கையில் தேத்தண்ணி கொடுத்து அனுப்ப ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களுக்குச் சங்கம் என்று பெயர்.

போன மாதம் ஒரு கலியாணத்துக்குப் பெரியகல்லாறு போயிருந்தேன். வரும் வழியில் துறையடியில் ஒரு புதுத் தோணியைக் கண்டேன். கருவாட்டுப் பொதியைப் பார்த்து யாரோ அந்தக் கொக்கை அதன் அணியத்தில் எழுதியிருந்தார்கள். பச்சை நிறம், கோணல் கால், தாரா வாத்தைப்போல் வயிறு. கைபேசியில் படம் எடுத்துக் குழுவில் போட்டேன்.

தர்ஷன், "முறைப்பாடு பதியவா?" என்று கேட்டிருந்தான். நஸ்ரின் சிரிப்பு முகங்களாக அனுப்பினாள். லெப்பைக் காக்காவுக்கு இப்போது எழுத்துத் தட்ட முடியாது, பேசித்தான் அனுப்புவார். பேரப்பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவில் அவருடைய குரல் வந்தது.

"ஆர் கீறின எண்டு விசாரிச்சுப் பாருங்க தங்கச்சி. ஆளைப் புடிச்சுச் சங்கத்தில சேத்துப்போடுங்க."